மனநிலை: இயல்பு

1

இந்த வாரம் எனக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, இங்கே இங்கிலாந்தில் என் மகள் மாலா படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நாலு பக்கப் படிவம். இன்னொன்று, ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்திலிருந்து சித்தப்பா மகன் தசரதன் எழுதிய நீலநிற விமானக் கடிதம். இரண்டையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு பேர், கடலுக்கு இந்தக் கரையிலிருந்து ஒருவரும் அந்தக் கரையிலிருந்து ஒருவருமாக, என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். என் அண்ணன் ஏழுமலைக்கு மனநோய் உண்டா, இல்லையா?

பள்ளிக்கூடத்துக்கு அது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். ஒன்பது வயது மாலா வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வீட்டில் அவள் வாயை மூடவைக்க என் கணவரும் நானும் மாறி மாறி முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறோம். இதை ஆசிரியையிடம் சொன்னேன். அப்படியானால் கட்டாயம் நிபுணரிடம் காட்டத்தான் வேண்டும் என்று அவர் முகத்தை இன்னும் கவலையாக வைத்துக்கொண்டார். மனோதத்துவ நிபுணர் வந்து இரண்டு மணி நேரம் பிள்ளையை உட்காரவைத்து மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார், படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு இந்தப் படிவம். குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் இருந்ததுண்டா என்று கேட்டு, பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். உண்டு என்றால் ஒன்று, இல்லை என்றால் மற்றது.

தசரதனின் கடிதத்தில் கட்டம் எதுவும் இல்லை. ஆனால் அவன் கேட்பதும் அதே ஒரு சொல்தான்.

"அக்கா, அண்ணன் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு. படகுல அண்ணிகூட பேசிக்கினே வர்றாரு. ரெண்டு பேரு காதால கேட்டுட்டாங்க. நோயா இல்லையான்னு உன்னாண்ட கேட்டு எழுதச் சொல்லி பெரியதனக்காரரு சொன்னாரு. நீ எழுதறத வெச்சித்தான் அடுத்த சீட்டுல பேரு சேக்கறதாம்."

அண்ணி இறந்து பதினோரு வருஷம் ஆகிறது.

2

விஷயம் விளங்க வேண்டுமானால் பாடு என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. தண்ணீர் ஓட்டம் உள்ள நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை வைப்பது என்று எங்கள் பக்கத்தில் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் வாசலில், ஊருக்குத் தலைவரான பெரியதனக்காரர் முன்னால், எல்லாருடைய பெயரையும் சீட்டில் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். ஒவ்வொருவரும் வந்து கைவிட்டு எடுக்க வேண்டும். பானையில் பெயர் இருப்பவனுக்குத்தான் ஏரி. பெயர் இல்லாதவன் கரையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

இதில் ஒரு விதி உண்டு. காய்ச்சலோ காலில் புண்ணோ வந்து படுத்துவிட்டவனுக்குப் பாடு போகாது. அவன் முறையில் பங்காளி யாராவது வலை வைத்து அவன் வீட்டுப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பான். ஆனால் புத்தி பேதலித்தவனின் பெயரைப் பானையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒரே கயிற்றை நாலு பேர் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கும் தொழில் அது. ஒருத்தன் நினைப்பு எங்கேயோ போனால் நாலு உயிருக்கும் ஆபத்து. விதியில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஏழுமலை அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பொண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களை எல்லாம் வாயடைத்து என்னைப் பொன்னேரி விடுதியில் சேர்த்துப் பள்ளி இறுதி வரைக்கும் படிக்கவைத்தவர் அவர்தான். அண்ணி பெயர் தனம்மா. அண்ணன் பிடித்த மீனைக் கூடையில் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய் விற்பவர். வியாபாரம் முடிந்து வந்தால் அண்ணனோடு படகில் உட்கார்ந்து காற்று எப்படி, தண்ணீர் எப்படி என்று வாதாடுவார். எங்கள் குப்பத்தில் பெண்பிள்ளைகள் படகேறுவது வழக்கமில்லை. அண்ணி ஏறுவார். கேட்டவர்களிடம் அண்ணன், "அவ சொல்ற பக்கம் வலை வெச்சா எறா வருது. உங்க ஊட்டுக்காரி சொன்னா வருதா?" என்று கேட்பார். அதற்கு மேல் ஒருவரும் பேச மாட்டார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், தமிழ்நாட்டில் ஆட்சி மாறிய வருஷம், நான் விமானம் ஏறினேன். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு பெரிய மனநோய் மருத்துவமனையில் பயிற்சித் தாதியாக எடுத்துக்கொண்டார்கள். வந்த இரண்டாம் மாதம் தந்தி வந்தது. மஞ்சள் காமாலையில் அண்ணி போய்விட்டார். அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. அன்றைக்கு எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதுவிட்டு வார்டுக்குத் திரும்பிப் போனேன்.

3

எட்டு மாதம் கழித்து தசரதனின் கடிதம் வந்தது. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். வீட்டில் எழுதப்படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அண்ணன் கரையில் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. படகில் ஏறினால் மட்டும் அண்ணியோடு பேசிக்கொண்டே வருகிறார். தனம், காற்று மாறுது பாரு என்கிறார். பதில் கேட்டதுபோலத் தலையாட்டுகிறார் என்று எழுதியிருந்தான். ஊரில் சிலர் முணுமுணுக்கிறார்கள். நீ அந்த ஆஸ்பத்திரியிலேயே படிக்கிறாய், அவர்கள் வாயை அடைக்கிற மாதிரி ஒரு கடிதம் எழுது என்று கேட்டிருந்தான்.

முக்கியமான ஒன்றும் அதே கடிதத்தில் இருந்தது. நான்தான் அதைத் தாண்டிப் படித்துவிட்டேன். ஒரு பாடு நாளைக்கூட அண்ணன் தவறவிடவில்லை என்று எழுதியிருந்தான். வலை வைக்கிறார், வலிக்கிறார், பங்கைச் சரியாகப் பிரிக்கிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார் என்றும் எழுதியிருந்தான். கொடுக்கும்போது ஆளைப் பார்த்து நலம்கூட விசாரிக்கிறாராம்.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. என் மேசையில் புதிதாக வாங்கிய தடித்த பாடப்புத்தகம் இருந்தது. அதில் அறிகுறிகளின் பட்டியல் இருந்தது. இல்லாதவரின் குரல் கேட்பது இருக்கிறதா, இருக்கிறது. தனியே பேசுவது இருக்கிறதா, இருக்கிறது. மற்றவர்களிடமிருந்து ஒதுங்குவதும் இருக்கிறது. பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். இருபது வயதில் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேனே, அந்தப் பெண்ணின் காதைப் பிடித்துத் திருக வேண்டும்போல் இன்றைக்கும் இருக்கிறது.

உட்கார்ந்து பெரியதனக்காரருக்கு எழுதினேன். மருத்துவமனையின் பெயர் அச்சடித்த தாளில், தெளிவான கையெழுத்தில் எழுதினேன். என் அண்ணனுக்கு வந்திருப்பது மனநோய். மற்ற நோய்களைப் போல இதுவும் ஒரு நோய். ஆகவே நோயாளிக்கு உரிய பாடு அவருக்கு உண்டு. நோயாளியை விலக்குவது நியாயமில்லை. எழுதி முடித்து மூன்று முறை படித்துப் பார்த்தேன். ஊருக்கே அறிவு புகட்டிவிட்ட பெருமை எனக்கு.

அந்த மாதமே அண்ணன் பெயரைப் பானையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நோய் என்ற சொல் அண்ணனைக் காப்பாற்றும் என்று நான் நம்பினேன். மனதில் நோய் என்று படித்த தங்கையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, அந்தக் கயிற்றை அவரோடு பிடிக்க மற்ற மூன்று பேர் எப்படி இறங்குவார்கள்? அதை யோசிக்க என் புத்தகத்தில் ஒரு பக்கமும் இல்லை. தகவல் வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று நினைக்கிறீர்கள்? ஊர்க்காரர்கள்மீது. படிக்காத ஜனங்கள் என்று சக மாணவிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

4

இங்கே என் தினசரி என்ன தெரியுமா? காலை ஆறரைக்குப் பேருந்து. ஏழரைக்கு வார்டு. மாத்திரை வண்டி, படுக்கை விரிப்பு, குளியல், குறிப்பேடு. திங்கட்கிழமை டாக்டர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசுவார்கள். தாதிகள் நாங்கள் சுவரோரம் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வோம்.

டாரதி என்ற அம்மாள் எங்கள் வார்டில் இருக்கிறார். இருபது வயதில் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றார் என்பதற்காகத் தகப்பனார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அப்போது என்னவோ ஒரு பெயரைத் தாளில் எழுதினார்கள். இப்போது அவருக்குத் தலை நரைத்துவிட்டது. விரிப்புகளை எங்கள் எல்லாரையும்விட நேர்த்தியாக மடிப்பார். வார்டில் யாருடைய பிறந்தநாள் என்றைக்கு என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு திங்கட்கிழமை அவரை அழைத்து, உங்களுக்கு நோய் இருப்பது தெரிகிறதா என்று கேட்டார்கள். எனக்கு நோய் எதுவும் இல்லையே என்றார். தனக்கு நோய் இருப்பதை உணரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். உண்டு என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருப்பார்கள். எப்படிச் சொன்னாலும் அவர் வெளியே போக வழியில்லை. அன்றைக்குச் சுவரோரம் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதற்காகவும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

மனநோய் என்று ஒன்றே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. சோற்றில் விஷம் என்று நம்பி எலும்பும் தோலுமாக வந்த பெண்ணை நான் ஊட்டிவிட்டிருக்கிறேன். மருந்து கொடுத்து, மூன்று மாதத்தில் அவள் தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சிரித்ததையும் பார்த்திருக்கிறேன். நோய் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கிற நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில். நோய் என்று எழுதிவிட்டால் அந்த ஆளிடம் நலமாக இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நோய் இல்லை என்று எழுதிவிட்டால், அவர் நலமாகத்தான் இருக்கிறார் என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். நோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. மனிதர் நன்றாக இருக்கிறாரா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதை யாரும் கேட்பதே இல்லை.

இதை நான் இந்த ஊர்ப் புத்தகத்தில் படிக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் கற்றுக்கொண்டேன்.

5

பத்து வருஷத்துக்குப் பிறகு போன வருஷம்தான் ஊருக்குப் போக முடிந்தது. அதற்கிடையில் தசரதனின் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பெயர் போன பிறகு அண்ணன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். பிறகு ரயில் பாதை வேலைக்குப் போனார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் நிலத்தை வளைத்துத் தொழிற்சாலைகள் கட்ட ஆரம்பித்ததும், முதலில் கட்டட வேலை, பிறகு இரும்புக் கம்பி இழுக்கிற ஒரு ஆலையில் ஆளாகச் சேர்ந்தார். ஒரு கடிதத்தில் தசரதன் சந்தோஷமாக எழுதியிருந்தான்: "அண்ணன் இப்ப தனியா பேசறதே இல்லக்கா. சரியாப் பூட்டுது." நானும் அதை நம்பி இனிப்பு வாங்கி வார்டில் கொடுத்தேன்.

மாலாவையும் கூட்டிக்கொண்டு நேராகக் கும்மிடிப்பூண்டிக்குத்தான் போனேன். ஆலைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் எட்டு பேரோடு அண்ணன் இருந்தார். வாசலில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஏரியில் நின்று நின்று தேக்குக்கட்டையாக இருந்த உடம்பு, சட்டைக்குள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. நான் பேசப் பேச, "ஆங்" என்றார். மாலாவைக் காட்டினேன். தலையில் கைவைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். கொண்டுபோன பலகாரத்தை வாங்கி ஓரமாக வைத்தார். நாங்கள் புறப்படும் வரைக்கும் அதன் கட்டைப் பிரிக்கவில்லை.

உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஆலையில் வருஷத்துக்கு ஒருமுறை ஆட்களைச் சோதித்துக் கொடுக்கிற தகுதிச் சான்றிதழ் அது. கண், காது, நெஞ்சு, நாடி, எடை. கடைசி வரியில் மனநிலை: இயல்பு. கீழே டாக்டரின் கையெழுத்து.

எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்டேன். பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்களாம். மூன்றுக்கும் சரியாகச் சொன்னாராம். அதோடு முடிந்தது. தன் பெயர் தெரிந்தால் போதும், மனம் நலம் என்று ஒரு மனிதரின் வாழ்க்கைக்கே முத்திரை குத்திவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் நோய் என்று குத்திய முத்திரைக்கு இது எந்த விதத்திலும் மட்டமில்லை என்பதும் எனக்கு அப்போதே உறைத்தது.

தாளை மடித்துக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன், அண்ணியோடு இப்போது பேசுவதில்லையா என்று. அன்றைக்கு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"அவ இங்க எங்கம்மா வர்றா? ஏரில இருந்தா வருவா. இந்தத் தகரக் கொட்டாயில அவளுக்கு இன்னா வேல கீது?"

படகில் அவர் பேசியது குரல் கேட்கும் வியாதி இல்லை. மனைவியோடு செய்த தொழிலை மனைவியோடேயே செய்துகொண்டிருந்தார். அவரைப் பிடித்து நிறுத்தியிருந்ததே அந்தப் பேச்சுதான். அண்ணி போன பிறகு மிச்சமிருந்த அண்ணியையும் நான் ஒரு கடிதம் எழுதிப் பறித்துவிட்டேன். பேசிக்கொண்டிருந்தபோது நலமாக இருந்தார், நோயாளி என்றோம். பேச்சு நின்று கருகிக்கொண்டிருந்தார்; இயல்பு என்றார்கள்.

6

மறுநாளே குப்பத்துக்குப் போய்ப் பெரியதனக்காரரைப் பார்த்தேன். அண்ணன் பெயரைத் திரும்பப் பானையில் போடச் சொல்லிக் கேட்டேன். நான் படபடவென்று பேசினேன். அவர் குறுக்கே பேசவில்லை. கோயில் பெட்டியைத் திறக்கச் சொன்னார். என் கடிதம் வந்தது. மருத்துவமனையின் பெயர் அச்சடித்த தாள், ஓரத்தில் கரையான் அரித்திருந்தது. தசரதனிடம் கொடுத்து எல்லார் முன்னாலும் படிக்கச் சொன்னார். என் அழகான கையெழுத்தில் இருந்ததை நானே நின்று கேட்டேன்.

"நாங்க வருசம் கழியட்டும்னுதான் இருந்தோம்மா. பொண்டாட்டி செத்தவன் ஒரு வருசம் எப்படிவேணா இருப்பான். திதி முடிஞ்சதும் பாக்கலாம்னு பேசி வெச்சிருந்தோம். நீதான் அவசரப்பட்டுக்கினே. அந்த ஆஸ்பத்திரிலயே வேல செய்யற பொண்ணுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு பேர எடுத்துட்டோம்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். வாயைத் திறந்து முணுமுணுத்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஊர் பொறுத்துக்கொண்டிருந்தது. வருஷத் திதி வரைக்கும் துக்கத்துக்கு இடம் விட வேண்டும், பாடு நாளில் வருகிறானா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்லலாம் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நான் படிக்காதவர்கள் என்று ஏசிய ஜனங்களிடம் இருந்த நிதானம் என் படிப்பில் இல்லை. நாலு மாதம் என் கை சும்மா இருந்திருந்தால் பத்து வருஷம் போயிருக்காது.

என் கைப்பையில் ஆலைச் சான்றிதழ் இருந்தது. புறப்படும்போது அண்ணனிடம் மறுபடி கேட்டு வாங்கி வந்திருந்தேன். மனநிலை இயல்பு என்று டாக்டர் கையெழுத்தே போட்டிருக்கிறாரே. நீட்டியிருந்தால் காரியம் ஒருவேளை அங்கேயே முடிந்திருக்கும். பொய்த்தாள் ஒன்று எடுத்ததை இன்னொரு பொய்த்தாள் கொடுக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் நான் இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு நாளைக்கு வேறு ஒருவர் வேறு ஒரு தாளோடு வந்தால்? வெளியே எடுக்கவில்லை. தாளை விடுங்கள், ஆளைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர்கள் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள். ஒரு வருஷம் தசரதனின் பாடு நாட்களில் அண்ணன் உடன் ஆளாகத் தண்ணீரில் இறங்கட்டும். வருஷம் கழிந்ததும் பார்த்துக்கொண்டு பெயரைச் சேர்ப்பதா என்று சொல்வார்கள். அண்ணனை ஆலையிலிருந்து கூட்டி வந்தோம். நான் விமானம் ஏறும் நாள் வரைக்கும் படகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசவில்லை.

7

அந்த ஒரு வருஷம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள்தான் தசரதனின் இந்தக் கடிதம். அண்ணன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். கேட்டவர்கள் மறுபடியும் முணுமுணுக்கிறார்கள். பெரியதனக்காரர் மறுபடியும் என்னிடம் ஒரு சொல் கேட்கிறார். அதே படகு, அதே பேச்சு, அதே நான். ஒன்றுதான் வேறு. இந்தத் தடவை கடிதத்தை ஒரு வரிகூடத் தாண்டாமல் படித்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது. "இப்பல்லாம் நல்லா சாப்பிடறாருக்கா, காலைல நாஷ்டா லேட்டானா சத்தம் போடறாரு."

அந்த வரியைப் பேருந்திலும் படித்தேன், மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டும் நினைத்தேன்.

சாயங்காலம் மாலாவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, நிபுணர் உன்னிடம் என்னவெல்லாம் கேட்டார் என்று விசாரித்தேன். அவள் தமிழ் இப்போது ஒரு கேள்விக்குமேல் தாங்குவதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். கட்டை, படம், கதை, கனவு எல்லாம் சொன்னாள். வகுப்பில் உன் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று கேட்டேன். யாருமில்லை என்றாள். முன்னால் இரண்டு பேர் இருந்தார்களாம். இவள் தலையில் எண்ணெய் நாறுகிறது என்று வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டார்களாம். ஆசிரியை பார்த்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். இதை நிபுணரிடம் சொன்னாயா என்றேன். அவர் கேட்கவில்லை என்றாள்.

இரண்டு மணி நேரம் கட்டை அடுக்கவைத்தவர்களுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. பெஞ்சில் தனியாக விடப்பட்ட பிள்ளை பேசாமல் இருந்தால் அவளுடைய மாமனுக்கு என்ன வியாதி என்று தேடுகிறார்கள். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் பேனாவை எடுத்தேன். கட்டம் இரண்டிலும் கோடு இழுத்துவிட்டுப் பின்பக்கம் எழுதினேன். என் அண்ணன் மனைவியை இழந்தவர். அவருக்கு என்ன என்று ஒரு தாளில் எழுதி நான் ஒருமுறை கெடுத்திருக்கிறேன், மறுபடி எழுத மாட்டேன். என் மகள் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு அவள் மனதைப் பற்றிப் பேசலாம். அனுப்பினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வரச்சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. போய்ச் சண்டை போடத்தான் போகிறேன்.

பெரியதனக்காரருக்கும் எழுதினேன். சாதாரணத் தாளில் எழுதினேன். நோய் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. முன்பு நான் எழுதியது தவறு, அதைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுப்பில் போடுங்கள். பாடு நாளில் வருகிறாரா, கயிற்றை விடாமல் பிடிக்கிறாரா, பங்கைச் சரியாகப் பிரிக்கிறாரா, நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள். இந்த மூன்றையும் என்னால் இங்கிருந்து பார்க்க முடியாது. வருஷம் கழியட்டும். இதையெல்லாம் நான் எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகை அந்தப் பக்கம் யார் கைக்காவது போனால், அவர்களும் இதைப் பெரியதனக்காரருக்குப் படித்துக் காட்டலாம்.

மிச்சம் இருந்தது தசரதன். நோயா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தானே. நீலத்தாளை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் மூன்று பக்கம் எழுதியவளுக்கு இந்தத் தடவை ஒரு வரிக்குமேல் வரவில்லை. அதை எழுதி ஒட்டி, மழையில் நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

"தசரதா, அண்ணி இன்னா சொல்லுதுன்னு அண்ணனாண்ட கேட்டு எழுது."